கம்பெனியில் வரும் வேகமா, பட்டறையில் ஏற்றும் வேகமா?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நாமக்கல் பகுதியில் கல்லூரி மாணவர்களிடமும், முதல் கார் வாங்கவிருக்கும் இளைஞர்களிடமும் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

மோட்டார் வாகன ஆய்வாளர்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர்னா உடனே நிமிர்ந்து உட்காருவீங்க. அந்த வேலையிலதான் என் சர்வீஸ் முழுக்கப் போச்சு. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்ல, டீக்கடையில என்னைப் பிடிச்சு உட்கார வெச்சு கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "சார், ஐ-20 பேஸ் மாடல் எடுத்து நாமளே கொஞ்சம் ஏத்திக்கலாமா? இல்ல, கம்பெனியே டர்போ போட்டு விக்கிற என் லைன் எடுக்கலாமா?" ஐ-20 இடத்துல அல்ட்ராஸ்னு போட்டுக்குங்க, வேற எந்த வண்டியையும் போட்டுக்குங்க. கேள்வி ஒண்ணுதான்.

இந்தக் கேள்வி நம்ம ஊர்ல மத்த ஊரை விட அதிகமா வரும். காரணம் நம்ம ரத்தத்துலேயே இருக்கு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வண்டின்னா என்ன? சேசிஸ் வாங்குவோம். ஓசூர்ல இருந்தோ வேற எங்கிருந்தோ ஒரு டிரைவர் அதை ஓட்டிட்டு வருவார். அதுக்கு அப்புறம் பட்டறையில விட்டு, பாடி கட்டி, பெயின்ட் அடிச்சு, சாமி பேர் எழுதி, பூஜை போட்டு இறக்குவோம். திருச்செங்கோட்டுல லாரி சேசிஸ் மேல போர்வெல் ரிக்கையே ஏத்தி இந்தியா முழுக்க அனுப்பி வெச்சிருக்காங்க. டிஎன் 34 நம்பர் போட்ட ரிக் வண்டி பார்க்காத மாநிலம் குறைவு. அதனால "கம்பெனி பாதி செய்யும், மீதியை நம்ம செய்வோம்"கிறது நமக்கு இயல்பான எண்ணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கைவேலை மேல எனக்கு மரியாதை உண்டு.

ஆனா ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. சேசிஸ்ங்கிறது சட்டப்படியே முடிக்கப்படாத வண்டி. அதுமேல எப்படிப் பாடி கட்டணும்னு தரக்குறியீடு இருக்கு. கட்டி முடிச்ச பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு பண்ணுவோம். கார் அப்படி இல்லைங்க. ஷோரூம்ல நிக்கிற கார் முடிஞ்ச வண்டி. அந்த இஞ்சின், அந்த பிரேக், அந்த டயர், அந்த சைலன்சர் எல்லாம் சேர்த்துத்தான் சோதனைச் சாலையில ஓட்டிப் பார்த்து ஒப்புதல் வாங்கியிருக்காங்க. அதே விவரத்தைத்தான் உங்க ஆர்.சி.யில ஏத்தறாங்க. பதிவான பிறகு அதுல கை வெச்சா, சட்டம் அதைப் பாடி கட்டறதா பார்க்காது. 'மாற்றம்'னு பார்க்கும்.

சட்டத்தை முதல்ல சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் சுவாரசியமான விஷயத்துக்கு வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு அது சொல்லுது. இதை வெச்சு கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவா தீர்ப்பு சொல்லிடுச்சு. சின்னச் சின்னப் பொருத்தங்கள் வேற விஷயம்; தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறா வண்டி இருக்கக் கூடாது. அதே 2019-ல வந்த சட்டத் திருத்தம் 182ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்துச்சு. அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'கிற வார்த்தையைக் கவனிங்க. சைலன்சர் ஒண்ணு, லைட் ஒண்ணு, இன்னொண்ணுன்னு எண்ணி எழுதலாம்.

சரி, இனி கணக்கு.

2023 செப்டம்பர்ல புது ஐ-20 வந்தப்போ பேஸ் மாடல் ஷோரூம் விலை 6.99 லட்சம். என் லைன் ஆரம்ப விலை 9.99 லட்சம். இன்னிக்கு விலை மாறியிருக்கும், ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து மாறியிருக்கு. நீங்க ஷோரூம்ல கேட்டுக்குங்க. இடைவெளி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க இந்தக் கணக்கு போதும். பேஸ்ல இருக்கிறது 1.2 லிட்டர், டர்போ இல்லாத இஞ்சின், 83 பி.எஸ். சக்தி. நாம ஹெச்.பி.ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான். என் லைன்ல 1 லிட்டர் டர்போ, 120 பி.எஸ். இடைவெளி 3 லட்சம். நம்ம மாநிலத்துல வாழ்நாள் வரி 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். அப்போ வரியிலயும் 39,000 ரூபாய் கூடும். மொத்தம் சுமார் 3.4 லட்சம். இதையே அஞ்சு வருஷக் கடன்ல 9 சதவீத வட்டியில போட்டா மாசம் கிட்டத்தட்ட 7,050 ரூபாய் கூடுதல் தவணை.

இங்க ஒரு எச்சரிக்கை. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினா வரி 13-ல இருந்து 18 சதவீதமாகத் தாவும். 2023 நவம்பர்ல இருந்து இதுதான் நடைமுறை. 9.99 லட்சத்துக்கு வரி 1.30 லட்சம். 10.5 லட்சத்துக்கு 1.89 லட்சம். ரெட்டைக் கலர் வேணும், இன்னும் ஒரு வசதி வேணும்னு ஒரு படி மேல போனா, கலருக்குக் கொடுக்கிற காசை விட வரிக்குக் கொடுக்கிற காசு அதிகமாயிடும். ஷோரூம்ல உட்கார்ந்திருக்கும்போதே போன்ல கணக்குப் போட்டுப் பாருங்க. விக்கிறவர் இதைத் தானா எடுத்துச் சொல்வார்னு எதிர்பார்க்காதீங்க.

இப்போ அந்தத் தம்பியோட கணக்கு என்ன? "மூணரை லட்சம் எதுக்குங்க, ஒன்றரை லட்சத்துல பட்டறையில வேலையை முடிச்சிடலாம்." என்ன வேலைன்னு கேட்டா, ரீமேப், ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெரிய அலாய் வீல்.

ரீமேப்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ ஸ்பார்க் கொடுக்கணும்னு இஞ்சினுக்குச் சொல்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒண்ணு வண்டிக்குள்ள இருக்கு. அதுல இருக்கிற கணக்கை மாத்தி எழுதறது ரீமேப். டர்போ இருக்கிற இஞ்சின்ல இதுக்குப் பலன் உண்டு. டர்போவை இன்னும் கொஞ்சம் காத்து தள்ளச் சொல்லலாம். டர்போ இல்லாத இஞ்சின் தானா இழுக்கிற காத்துதான் காத்து. அதுல என்ன எழுதினாலும் அஞ்சோ பத்தோ குதிரை கூடினாலே பெரிசு. சத்தம் மட்டும் நிறைய கூடும். சத்தம் கூடினா வேகமும் கூடின மாதிரி காதுக்குத் தோணும், அவ்வளவுதான். 83-ஐ நிஜமாவே 120 ஆக்கணும்னா டர்போ போடணும், அதுக்கு ஏத்த பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் மாத்தணும், அப்புறம் பிரேக். ஒன்றரை லட்சம் எங்கேயோ போயிடும். இதுக்கு வண்டிக் கடன் கிடைக்காது. நகையை வெச்சோ கைமாத்தா வாங்கியோதான் போடணும். திரும்ப விக்கும்போது அதுக்கு ஒரு ரூபாய் கூடத் தர மாட்டாங்க. "ஏத்தின வண்டிங்களா?"ன்னு கேட்டு இருக்கிற விலையையும் குறைப்பாங்க.

சரி, கம்பெனி இதையே செய்யும்போது என்ன பண்றான்? இதுக்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். நம்ம பக்கத்து ஊர் கோயம்புத்தூர்லேயே நடந்தது. அங்க ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ்னு ஒரு நிறுவனம், ரேஸ் கார் வேலையில பேர் வாங்கினது. டாடா மோட்டார்ஸ் அவங்களோட கூட்டு சேர்ந்து 2018 அக்டோபர்ல டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி.ன்னு ரெண்டு கார் இறக்கினாங்க. டியாகோ ஜே.டி.பி. விலை 6.39 லட்சம். சாதாரண டியாகோ பெட்ரோல் 85 பி.எஸ்.; இது 114 பி.எஸ். நெக்ஸான் கார்ல இருந்த 1.2 லிட்டர் டர்போ இஞ்சினை எடுத்துச் சின்ன வண்டியில வெச்சாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. அதே இஞ்சின் நெக்ஸான்ல 170 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுத்தது. ஜே.டி.பி.யில 150-ஆகக் குறைச்சுட்டாங்க! ஸ்போர்ட்ஸ் கார்னு பேர் வெச்சுட்டு இழுவையைக் குறைப்பாங்களா? சின்ன வண்டியோட கியர்பாக்ஸ், ஆக்சில், முன் டயர் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட்டு நிறுத்தினதுன்னுதான் நான் நினைக்கிறேன். சஸ்பென்ஷனை மாத்தினாங்க, கியர் விகிதத்தை மாத்தினாங்க, வண்டி உயரத்தைக் கூட நாலு மில்லிமீட்டர்தான் குறைச்சாங்க. நாலு மில்லிமீட்டர்! நம்ம பட்டறையில ஸ்பிரிங்கை வெட்டினா ரெண்டு இன்ச் இறங்கும். அந்த வண்டியைச் சோதனைக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கி, வாரன்டியோட டாடா ஷோரூம்லேயே வித்தாங்க. ஆர்.சி.யில அந்த இஞ்சின்தான் இருக்கும், எந்தச் செக்போஸ்ட்லயும் யாரும் ஒண்ணும் கேட்க முடியாது.

ஐ-20 என் லைனையும் இப்படிப் பாருங்க. அதுல பின்னாடி டிஸ்க் பிரேக் வருது, சஸ்பென்ஷன் இறுக்கமா இருக்கு. கூடுதல் காசு பானெட்டுக்குள்ள மட்டும் போகலை, நிறுத்துற இடத்துக்கும் போயிருக்கு. நிறுத்துறதுங்கிறதைப் பத்தித்தான் இனி பேசப்போறேன், ஏன்னா நம்ம ஊர்ல ஆளைக் கொல்றது அதுதான்.

இங்கிருந்து கொல்லிமலை ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. சேலத்துல இருந்து ஏற்காடு 20. ஞாயித்துக்கிழமை காலையில காரவள்ளி அடிவாரத்துல நின்னு பாருங்க, ஏத்தின வண்டி எத்தனை போகுதுன்னு. ஏறும்போது எல்லாரும் ராஜா. இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வேகம் கூடக்கூட வண்டியில சேர்ற ஆற்றல் அதே அளவுல கூடாது, இருமடிக் கணக்குல கூடும். 80 கிலோமீட்டர்ல போற வண்டியை விட 100-ல போற வண்டிக்கு ஒண்ணரை மடங்குக்கும் மேல, 1.56 மடங்கு ஆற்றல். அது முழுக்கப் பிரேக் டிஸ்க்ல, டிரம்ல சூடா மாறணும். வளைவுக்கு வளைவு மிதிச்சுக்கிட்டே இறங்கினா பேடு சூடேறி, பிடிக்கிற திறன் குறையும். மிதிச்சா பெடல் கெட்டியா இருக்கும், வண்டி நிக்காது. பழைய பிரேக் ஆயில்னா அது கொதிச்சு, பெடலே பஞ்சு மாதிரி உள்ள போயிடும்.

சர்வீஸ்ல இருந்தப்போ இப்படி ஒரு வண்டியை விபத்துக்கு அப்புறம் ஆய்வு பண்ணினேன். பேஸ் மாடல் கார். ரீமேப் பண்ணி, சைலன்சர் மாத்தி, கம்பெனி கொடுத்ததை விட ரெண்டு சைஸ் பெரிய அலாய் போட்டிருந்தாங்க. பிரேக் மட்டும் கம்பெனியில வந்ததுதான், பின்னாடி டிரம். பெரிய வீல்னா கனமும் கூட. அதைச் சுத்தவும் அதிக சக்தி வேணும், நிறுத்தவும் அதிக சக்தி வேணும். இறக்கத்துல முன்னாடி போன டெம்போவோட பின்பக்கத்துல மோதி நின்னுருக்கு. டெம்போ இல்லேன்னா பள்ளம். ஓட்டின பையனுக்குக் கால் எலும்பு உடைஞ்சது, டெம்போவுல பின்னாடி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இடுப்புல அடி. பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை, கைவேலை சுத்தமா இருந்தது. பையன் பிரேக்கைக் கேட்கலை, அவரும் சொல்லலை. மேப் போட்ட பில்லு இருந்தது. பிரேக்குக்குப் பில்லே இல்லை.

அந்த வழக்குல அடுத்து வந்தது இன்சூரன்ஸ். இதைக் காது கொடுத்துக் கேளுங்க. பாலிசி எழுதும்போது வண்டியோட விவரம் என்னவோ அதுக்குத்தான் பிரீமியம். நீங்க இஞ்சின்லேயோ சஸ்பென்ஷன்லேயோ மாத்திட்டுச் சொல்லாம விட்டா, உங்க வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சுடும். எதிர்த் தரப்புல அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கொடுத்துட்டு, அப்புறம் அந்தப் பணத்தை உரிமையாளர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு நீதிமன்றம் உத்தரவு போடறது உண்டு. உரிமையாளர் யாரு? பெரும்பாலும் ஆர்.சி.யில இருக்கிறது அப்பா பேரு. தறி ஓட்டியோ கோழிப்பண்ணை வெச்சோ சேர்த்த நிலம் அவர் பேர்ல இருக்கும். பையன் போட்ட மேப்புக்கு அந்த நிலம் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

இதைக் கேட்டுட்டு, "அப்போ கம்பெனி ஸ்போர்ட்ஸ் மாடல்தான் எல்லாத்துலயும் நல்லதா சார்?"னு கேட்டா, அதுவும் இல்லைங்க. அதுலயும் ஓட்டை உண்டு. இந்த மாதிரி வண்டி நம்ம நாட்டுல ரொம்ப நாள் நிக்கிறதில்லை. சொன்னேனே ஜே.டி.பி., பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல்ல வந்ததோட நின்னு போச்சு. மாருதி 2017-ல இறக்கின பலேனோ ஆர்.எஸ். அதுவும் அந்த நேரத்தோட போச்சு. 2015-ல ஃபியட் 145 பி.எஸ்.ல அபார்த் புன்டோ விட்டான், கொஞ்ச வருஷத்துல ஃபியட்டே இந்தியாவை விட்டுப் போயிட்டான். சாதாரண மாடலுக்கும் இதுக்கும் பொதுவா இருக்கிற சாமான் கிடைக்கும். அந்த வண்டிக்குன்னே செஞ்ச பம்பர், ஸ்பிரிங், இன்டர்கூலர் மாதிரி சாமானுக்கு அலையணும். அதனால ஸ்போர்ட்ஸ் மாடல் வாங்கறதுன்னா நிறைய விக்கிற மாடல்ல இருந்து பிறந்ததா பார்த்து வாங்குங்க. பம்பர்ல ஸ்டிக்கரும் சிவப்புக் கோடும் மட்டும் போட்டு 'ஸ்போர்ட்' பேர்ல விக்கிற வண்டியும் இருக்கு. பிரேக், சஸ்பென்ஷன், இஞ்சின் இந்த மூணுல எதையாவது மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. மூணுக்கும் இல்லைன்னு பதில் வந்தா அது பெயின்ட் விலை.

பழைய வண்டியா வாங்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். டர்போ கார் பழசா வந்தா, முன்னாடி வெச்சிருந்தவர் ரீமேப் பண்ணி ஓட்டிட்டு, விக்கிறப்போ பழைய மேப்பைத் திருப்பிப் போட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. உங்க கையில இருக்கிற போன்லயே பாதி வேலையை முடிக்கலாம். எம்-பரிவாகன் செயலியில வண்டி நம்பரைப் போட்டா மாடல், எரிபொருள், பதிவு தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரைக்கும் செல்லும்னு தெரியும். ஆர்.சி.யில இருக்கிற இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரை நேர்ல வண்டியில அடிச்சிருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க. கலர் ஒத்துப்போகுதான்னும் பாருங்க. இ-சலான் தளத்துல நிலுவை அபராதம் இருக்கான்னு பாருங்க. ஓவர் ஸ்பீடு சலானா வரிசையா இருந்தா அந்த வண்டி எப்படி வளர்ந்ததுன்னு தெரிஞ்சுடும். மீதிப் பாதிக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்க. கிளட்ச் சீக்கிரமே மாத்தியிருந்தா காரணம் கேளுங்க.

மாத்தவே கூடாதான்னு ஒரு தம்பி முன்வரிசையில முகத்தைச் சுருக்கிறார். கூடும், வழியோட கூடும். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரின்னு எரிபொருள் மாத்த அங்கீகரிக்கப்பட்ட கிட் போடலாம். அதைச் சட்டமே அனுமதிக்குது. போட்ட பிறகு ஆர்.சி.யில ஏத்தணும், இன்சூரன்ஸ்ல சொல்லணும், சி.என்.ஜி. சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒருதடவை சோதிக்கணும். இஞ்சின் வெடிச்சு அதே வகை இஞ்சினை மாத்தினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் புது நம்பரைப் பதியணும். வண்டியோட கலரை மாத்தினாலும் ஆர்.சி.யில கலர் இருக்கிறதால தெரிவிச்சு மாத்திக்கிறதுதான் நல்லது. பரிவாகன் தளத்துல வாகனம் சார்ந்த சேவைகள்ல 'மாற்றம்' சேவை இருக்கு, உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிச்சு, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று கொடுத்து, கட்டணம் கட்டி, வண்டியை ஆய்வுக்குக் கொண்டு போகணும். மாத்தின 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டம் சொல்லுது. ஆனா முன்கூட்டியே கேட்டுட்டுக் கை வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். மாத்தின பிறகு 'முடியாது'ன்னா பழைய சாமானைத் தேடி ஓடணும். வண்டி கடன்ல இருந்தா பைனான்ஸ்காரர் சம்மதமும் எழுத்துல வேணும்.

ஜெர்மனியில இதுக்குன்னே ஒரு முறை இருக்கு. டி.யூ.வி.ன்னு சொல்ற பரிசோதனை நிறுவனத்துல காட்டி, சான்று வாங்கி, வண்டிப் பேப்பர்ல ஏத்திட்டா மாத்தின வண்டியும் சட்டப்படியான வண்டிதான். அங்க பட்டறையா ஆரம்பிச்சவங்கதான் பின்னாடி கம்பெனியாவே ஆனாங்க. பென்ஸ் வண்டியில ஏ.எம்.ஜி.ன்னு போட்டிருக்குமே, அது 1967-ல தனியா தொடங்கின சின்ன இஞ்சின் பட்டறை. இத்தாலியில அபார்த் 1949-ல தொடங்கினது, 1971-ல ஃபியட் வாங்கிடுச்சு. நம்ம சட்டத்துலயும் 2019-ல பிரிவு 52-ல ஒரு கதவு திறந்திருக்காங்க. மத்திய அரசு விதி வகுத்து அனுமதிக்கிற மாற்றத்தைச் செய்தா, அந்தக் காரணத்துக்காகத் தயாரிப்பாளரோட வாரன்டி செல்லாமப் போகாதுன்னு. ஒரகடத்துல சர்வதேசத் தரத்துல வாகனச் சோதனை மையம் இருக்கு. நாமக்கல்ல, சேலத்துல இருக்கிற கைகாரப் பட்டறைகள் ஒண்ணு சேர்ந்து ஒரு பிரேக் கிட்டையோ சஸ்பென்ஷனையோ அங்க சோதிச்சுச் சான்று வாங்கற காலம் வரணும்னு எனக்கு ஆசை. பாடி கட்டறதுல அந்த ஒழுங்கைக் கத்துக்கிட்ட ஊருக்கு இது முடியாத காரியமா?

வேகம்தான் வேணும்னா அதுக்கு இடம் இருக்கு. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. சேலத்துல இருந்து மூணு மணி நேரம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இன்னொண்ணு. ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல, எதிர்ல லாரி வராத ரோட்டுல ஓட்டிப் பாருங்க. ஒருநாள் அங்க ஓட்டினா உங்க வண்டியில முதல்ல எது தோத்துப் போகுதுன்னு தெரியும். இஞ்சின்னு நினைச்சுட்டுப் போவீங்க. பெரும்பாலும் பிரேக்கும் டயரும்தான்.

காசு கணக்குக்கே திரும்பி வர்றேன். மாசம் 7,000 கூடுதல் தவணை கட்ட முடியும், வண்டி ஓட்டறதுல உண்மையா ஆசை இருக்குன்னா கம்பெனி டர்போ மாடலை எடுங்க. நான் தடுக்க மாட்டேன். முடியாதுன்னா பேஸ் மாடலை எடுத்து அப்படியே வெச்சுக்குங்க. ஏத்தறதுக்குன்னு வெச்சிருக்கிற ஒன்றரை லட்சத்துல ஒரு பங்கு எடுத்து, கம்பெனி சொன்ன அதே சைஸ்ல நல்ல டயர் போடுங்க, பிரேக் ஆயிலைக் காலத்துக்கு மாத்துங்க, பேடை நல்லதா போடுங்க. இதுக்கு யார்கிட்டயும் அனுமதி வேண்டாம். தொப்பூர்க் கணவாய் இறக்கத்துல மழை நாள்ல இதோட அருமை தெரியும். பேஸ் மாடல் வாங்கி, மேப் போட்டு, பிரேக்கை அப்படியே விடறது மட்டும்தான் நான் ஒத்துக்காத வழி.

நேரமாச்சு, சீட்டுல எழுதிக் கொடுத்த கேள்விகளைச் சுருக்கமா பார்த்துடறேன்.

முன்பக்கம் போடற புல் பார் கேட்டிருக்கார் ஒருத்தர். வேண்டாம்ங்க. 2017 டிசம்பர்லேயே மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதிடுச்சு. கொடி கட்ட வசதின்னு போடறாங்க. மோதலோட அதிர்ச்சியை அந்தக் குழாய் நேரா சேசிஸுக்குக் கடத்தும்; ஏர்பேக் சென்சார் கணக்கும் தப்பிப் போகும். ரோட்டுல நடக்கிறவங்களுக்கு அது இரும்பு உலக்கை.

ஸ்டியரிங் வீலைச் சின்னதா ஸ்போர்ட்ஸ் மாதிரி மாத்தலாமா? டிரைவர் ஏர்பேக் அதுக்குள்ளதான் இருக்கு, கழட்டினா அதுவும் போச்சு. சீட்டுப் பக்கவாட்டுல ஏர்பேக் இருந்தா அதை மூடற சீட் கவரும் அதே தப்புதான்.

கறுப்புக் கண்ணாடி? முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்துல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும். அதுக்குக் கீழ போக முடியாது.

கடைசிச் சீட்டு ஒரு பெண் எழுதினது. "எங்கப்பாவுக்குப் போலியோவில் வலது கால் வராது. கையாலேயே பிரேக், ஆக்சிலேட்டர் பிடிக்கிற மாதிரி காரை மாத்தினால் அதுவும் குற்றமா?" இல்லம்மா. மாற்றுத்திறனாளி ஓட்டறதுக்கு ஏத்த மாதிரி வண்டியை மாத்திக்கிறதைச் சட்டம் நிபந்தனையோட அனுமதிக்குது, அதுக்குத் 'தகவமைப்பு வாகனம்'ங்கிற வகையே இருக்கு. அப்பாவோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வண்டி ஆர்.சி., இன்சூரன்ஸ் மூணையும் டிஜிலாக்கர்ல ஏத்தி வெச்சுக்கோங்க. மாத்தறதுக்கு முன்னாடி உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒருதடவை போய் என்ன படிவம்னு கேட்டுடுங்க. மாத்தின பிறகு ஆய்வு முடிச்சு ஆர்.சி.யில பதிவு வாங்குங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்க. அப்பாவோட ஓட்டுநர் உரிமத்துலயும் அந்த வகை வண்டின்னு குறிப்பு வரணும், அதுக்குத் தேர்வும் அதே வண்டியிலதான் வெப்பாங்க. எந்த நாள் போறீங்கன்னு கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க, நானும் கூட வர்றேன்.